அந்தரத்தில் நின்ற தேநீர்

உலகம்மாள் என்று பேர் வைத்தவர்கள் அவள் உலகம் சுற்றுவாள் என்று நினைத்து வைக்கவில்லை. தென்காசிக் கோயில் அம்மனின் பேர் அது, அந்த ஊரில் தெருவுக்கு நாலு உலகம்மாள் இருப்பார்கள். பக்கத்துச் செங்கோட்டைக்குக் கல்யாணத்துக்குப் போனாலும் வீட்டுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போகிற இந்த உலகம்மாள், ஊரே ஐப்பசி மழையில் ஊறிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், அதே பாட்டிலும், பாசிப்பயறும் வெல்லமும் உருட்டிப் பொரித்த முந்திரிக்கொத்து ஒரு டப்பா நிறையவுமாக விமானம் ஏறி, ஒசாக்கா பட்டணத்தில் வேலை பார்க்கும் ஒரே மகன் விசுவநாதனின் வீட்டில் வந்து இறங்கினாள். மகன் கட்டிக்கொள்ள ஆசைப்படும் பெண்ணுக்குச் சொந்த ஊர் நாரா. ஒரு காலத்தில் ராஜாக்கள் இருந்து ஆண்ட பழைய தலைநகரம், ஒசாக்காவிலிருந்து காலையில் ரயிலேறினால் சுற்றிப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம். அப்படித்தான் ஒரு சனிக்கிழமை காலையில், புருஷன் குற்றாலிங்கத்தையும் மகனையும் கூட்டிக்கொண்டு, மனசில் சம்மதமும் இல்லாமல் மறுப்பும் இல்லாமல் உலகம்மாள் புறப்பட்டாள்.

அவள் வகையறாவில் ஒரு வழக்கம் உண்டு. பெண் பார்க்கப் போன வீட்டில், பிடித்துப்போய் வாயால் சரி என்று சொல்கிறவரைக்கும் கை நனைக்க மாட்டார்கள், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள், குடித்துவிட்டால் சம்பந்தம் முடிந்தது என்று அர்த்தம், அப்புறம் யார் வந்து என்ன சொன்னாலும் பேச்சு மாறக் கூடாது. ரயிலில் மகன், "எம்மா, அவங்க வீட்ல டீ தருவாங்க. அது சும்மா டீ இல்ல, அதுக்குன்னே தனி அறை, தனி முறை. குடிக்காம மட்டும் இருந்துராதீங்க" என்று சொன்னதிலிருந்து அவள் மடியிலிருந்த பாட்டிலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

பெண்ணைப் பிடிக்காமல் இல்லை. போனில் பேசிப் பேசி அந்தப் பெண் சயோரியின் மேல் அவளுக்கு ஆசையே வந்திருந்தது. பயம் வேறு. "இப்பமே ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா எட்டிப் பாக்கான். இதுவும் ஆச்சுன்னா தென்காசிப் பக்கம் தலை வச்சுப் படுப்பானா? பேரப்பிள்ளை பொறந்தா என்னை என்ன பாஷையில கூப்பிடும்?" என்று அவள் புருஷன் காதில் கேட்டாள். குற்றாலிங்கம் மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கரண்ட் போனால் வரும் என்பதைத் தவிர எதற்கும் கவலைப்பட்டுப் பழகாதவர். "மொதல்ல பொறக்கட்டும்ளா" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாரா ஸ்டேஷனில் சயோரி அப்பா அம்மாவோடு வந்து நின்றாள். அப்பா கென்ஜி ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வீட்டுக் கதவைப் பூட்டினாலும் விரலால் சுட்டிக்காட்டி ஒருதரம் சரிபார்க்கிற பழக்கம் இன்னும் போகாதவர். அம்மா கஸுயோ தேநீர் முறையைச் சொல்லிக்கொடுக்கிறவள். சாம்பல் நீல கிமோனோவில், ஒரு சுருக்கம் இல்லாமல், குனிந்து வணங்கினாள். உலகம்மாள் கைகூப்பினாள். இரண்டு பேர் முகத்திலும் சிரிப்பு இருந்தது, இரண்டும் சற்று இறுக்கமான சிரிப்பு. "வாங்க அத்தை, வாங்க மாமா. ஊர்ல மழை விட்டுருச்சா?" என்று சயோரி, விசுவநாதனிடம் கற்றுக்கொண்ட சுத்தத் தென்காசித் தமிழில் கேட்டாள். அந்த இடத்திலேயே குற்றாலிங்கம் கட்சி மாறிவிட்டார்.

பெரிய புத்தரைப் பார்த்தார்கள். ஊர் முழுக்க மனிதர்களுக்குச் சமமாக உலாவிக்கொண்டிருந்த மான்களைப் பார்த்தார்கள். பிஸ்கட்டைக் காட்டினால் அந்த மான்கள் தலை குனிந்து வணக்கம் வைத்தன, குற்றாலிங்கமும் விடாமல் பதிலுக்குக் கும்பிட்டார், மான் மறுபடி குனிந்தது, அவர் மறுபடி கும்பிட்டார், யார் முதலில் நிறுத்துவது என்று இரண்டு தரப்புக்கும் தெரியாமல் போய், கடைசியில் விசு வந்து அப்பாவை இழுத்துக்கொண்டு போக வேண்டியதாயிற்று. பழைய தெருக்களில் வீட்டுக்கு வீடு கூரை இறவாரத்தில் சிவப்புத் துணியில் தைத்த குட்டிக் குரங்குப் பொம்மைகள் தொங்கின. வீட்டுக்கு வருகிற கெட்டதை அவை வாங்கிக்கொள்ளும் என்று சயோரி சொன்னாள். "அதாம்லா நாங்க பூசணிக்காய் கட்டுதோம்" என்றாள் உலகம்மாள். ஊர் அவளுக்குப் பிடிக்க ஆரம்பித்துவிட்டது, அது அவளுக்கே கொஞ்சம் கவலையாக இருந்தது.

முழுக்கப் பிடித்துப்போனது கோயில் வாசலில். அங்கே கல்தொட்டியில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, பக்கத்தில் மூங்கில் அகப்பைகள். கஸுயோ ஒன்றை எடுத்து இடது கையைக் கழுவி, வலது கையைக் கழுவி, உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அதிலிருந்து வாய் கொப்பளித்தாள். அகப்பையில் வாய் வைக்கவே கூடாது என்று சயோரி சொன்னாள். உலகம்மாளுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. டம்ளரை உதட்டில் வைத்துக் குடித்தால் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அடுப்படிக்குள் விடுகிற வீடு அவள் வீடு. அறுபது வயது வரைக்கும் எதையும் அண்ணாந்துதான் குடித்திருக்கிறாள், ஒரு சொட்டு மேலே சிந்தியதில்லை. "பாத்தியளா, எச்சில் பண்ணக் கூடாதுன்னு இவுகளுக்கும் தெரிஞ்சிருக்கு. ஆச்சாரமான ஊருங்க" என்று புருஷனிடம் சொல்லிக்கொண்டே நடந்தாள். இந்த ஊரைத் தான் முழுக்கப் புரிந்துகொண்டுவிட்டதாக அவள் நினைத்தாள். பாவம், அங்கேதான் பிசகியது.

மத்தியானம் கஸுயோவின் வீட்டுத் தேநீர் அறைக்குள் எல்லோரும் தவழ்ந்து நுழைந்தார்கள். வாசல் அவ்வளவு சின்னது, யாராக இருந்தாலும் குனிந்துதான் போக வேண்டும். உள்ளே பாய், சுவரில் தூரிகையால் எழுதித் தொங்கவிட்ட ஒரு எழுத்து, ஒரு குவளையில் ஒரே ஒரு பூ, மூலையில் இரும்புக் கெட்டிலில் கொதிக்கும் தண்ணீரின் சத்தம். சயோரிதான் தேநீர் தயாரித்தாள். ஒவ்வொரு பொருளையும் துடைத்து, வைத்து, எடுத்து, பச்சைப் பொடியில் வெந்நீர் விட்டு, மூங்கில் மத்தால் நிதானமாகப் பிசைந்து, தோசை மாவு பதத்துக்குக் கொண்டுவந்தாள். பெண் பார்க்க வந்தவர்களுக்குப் பெண் தன் கையால் கொண்டுவந்து கொடுப்பது எல்லா ஊரிலும் உள்ளதுதான் என்று உலகம்மாள் நினைத்துக்கொண்டாள்.

கறுப்புக் கிண்ணம் முதலில் கஸுயோவிடம் போனது. அவள் உதட்டில் வைத்துக் குடித்தாள். ஒரு வெள்ளைக் காகிதத்தால் விளிம்பைத் துடைத்தாள். அதே கிண்ணத்தைத் திருப்பி உலகம்மாள் முன்னால் வைத்து வணங்கினாள்.

"எய்யா, இது அவுக வாய் வச்சுக் குடிச்சதுலா?"

"ஆமாம்மா. எல்லாருக்கும் ஒரே கிண்ணம். அதுதான் இதுல விசேஷம்."

"காலையில கோயில்ல வாய் வைக்கவே கூடாதுன்னாக?"

"அது சாமிக்கு முன்னால. இது மனுஷங்களுக்கு நடுவுல" என்றான் விசு. இந்த ஒரு வாய்த் தேநீரில்தான் தன் கல்யாணம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

உலகம்மாள் யோசித்தாள். குடிக்காமல் வைத்தால் மகன் முகத்தைப் பார்க்க முடியாது. வாய் வைத்துக் குடித்தால் எச்சிலும் ஆயிற்று, சம்மதமும் ஆயிற்று. உதடு படாமல் விழுங்கிவிட்டால் மரியாதைக்கு மரியாதை, உதடே படாததால் கை நனைத்த கணக்கிலும் சேராது, வாக்குக் கொடுத்ததாகவும் ஆகாது, ஊருக்குப் போய் நிதானமாக யோசித்துக்கொள்ளலாம். அவள் கிண்ணத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினாள், அண்ணாந்தாள், சாய்த்தாள். அந்த வீட்டில் தலைமுறை தலைமுறையாகத் தேநீர் குடித்த யாரும் செய்யாத காரியம் அது. பச்சைத் தேநீர் விளிம்பைத் தாண்டி, மெல்ல ஒரு கயிறாக இறங்கி, அவள் வாய்க்குச் சாண் தூரத்தில் வந்து நின்றுவிட்டது.

அவள் வாயைத் திறந்துகொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். கழுத்து வலித்தது. வாயை மூடினாள். கையை எடுத்தாள். கிண்ணம் சாய்ந்தபடியே அந்தரத்தில் நின்றது, அதிலிருந்து தேநீர் இறங்கினபடியே நின்றது, அதன் நுனியிலிருந்து ஆவி பறந்தது.

கஸுயோ கிண்ணத்தைப் பார்த்து ஒருமுறை வணங்கிவிட்டு, அதற்கு இடம் விட்டுத் தன் பாயை ஒரு முழம் பின்னால் நகர்த்தினாள். கென்ஜி விரலால் கிண்ணத்தைச் சுட்டினார், தேநீரைச் சுட்டினார், உலகம்மாளின் வாயைச் சுட்டினார், எல்லாம் சரியாக இருப்பதை உறுதி செய்துகொண்டார். பிறகு, தேநீர் வந்து சேரத் தாமதமாவதற்காக விருந்தினர் அனைவரிடமும் பணிவோடு மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"நம்ம குற்றாலத்துல விழுந்துகிட்டே இருக்கும், இங்க நிக்கி. அம்புட்டுதான வித்தியாசம்" என்றார் குற்றாலிங்கம். அவருக்கு முட்டிவலிக்காக ஒரு சின்ன முக்காலி கொடுத்திருந்தார்கள், அதில் அவர் சௌகரியமாகவே இருந்தார்.

ஏதோ பழம் கொடுக்க வந்த அடுத்த வீட்டம்மாள் எட்டிப் பார்த்தாள், ஓ என்றாள், வீட்டுக்கு ஓடிப்போய்ச் சலவை செய்த வெள்ளைக் காலுறை போட்டுக்கொண்டு திரும்பி வந்து உட்கார்ந்தாள். அவள் சொல்லி எதிர்வீட்டார் வந்தார்கள், அவர்கள் சொல்லித் தெரு வந்தது, தெரு சொல்லி ஊர் வந்தது. டோஃபு கடைக்காரர் ஏப்ரனோடு வந்தார், மஞ்சள் தொப்பி போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் டீச்சரோடு சுற்றுலா வரிசை கலையாமல் வந்தார்கள், வீட்டு வாசலில் செருப்புகள் கழற்றின திசைக்கு எதிர்த்திசையாக, போகும்போது மாட்டிக்கொள்ளத் தோதாகத் திருப்பித் திருப்பி வைக்கப்பட்டு, சந்து முனை வரைக்கும் நீண்டன. யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எப்போது வந்தது, எதுவரைக்கும் இருக்கும், உட்கார்ந்து பார்ப்பதா நின்று பார்ப்பதா என்றுதான் கேட்டார்கள். கென்ஜி உள்ளே போய்ப் பழைய ரயில்வே தொப்பியையும் வெள்ளைக் கையுறையையும் போட்டுக்கொண்டு வந்து, ஏறுகிறவர்கள் இறங்குகிறவர்களுக்கு வழி விடும்படி கேட்டுக்கொண்டார். வேலையை விட்ட பிறகு அவர் இத்தனை சந்தோஷமாக இருந்து வீட்டில் யாரும் பார்த்ததில்லை.

பக்கத்துக் கோயில் பூசாரி புது வைக்கோலில் முறுக்கின கயிறு கொண்டுவந்து, தேநீரைச் சுற்றி நாலு மூங்கில் நிறுத்திக் கட்டி, வெள்ளைக் காகிதத்தை மின்னல் மாதிரி மடித்துத் தொங்கவிட்டார். ஊரில் விசேஷமான மரத்துக்கும் பாறைக்கும் இப்படிக் கட்டுவதுதான் வழக்கமாம். இதையெல்லாம் விசு போனில் காட்ட, தென்காசியில் நாத்தனார் செல்லம்மாவின் வீட்டில் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கூடிவிட்டார்கள். "மைனி, பச்சையா இருக்குல்லா, அப்ப அம்மன்தான். மாவிலை இல்லாட்டாப் போகுது, ஒரு பொட்டாவது வச்சுவிடுங்க" என்று செல்லம்மா அங்கிருந்தே கத்தினாள், கத்திவிட்டு போனுக்கே சூடம் காட்டினாள். உலகம்மாள் கைப்பையிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்து மூங்கிலில் ஒரு பொட்டு வைத்தாள். பூசாரி அதைக் கூர்ந்து பார்த்தார், தலையாட்டினார், மற்ற மூன்று மூங்கிலையும் காட்டி அவற்றுக்கும் வைக்கச் சொன்னார்.

எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள், அவள் மட்டும் இல்லை. அந்தத் தேநீர் எதற்காக நிற்கிறது என்று அந்த ஊரில் அவளுக்கு மட்டும் தெரியும். வருகிறவர்கள் எல்லாம் தேநீரை வணங்கிவிட்டு அவளையும் வணங்கினார்கள், அது அவளுக்கு நெருப்பில் நிற்பது போல இருந்தது. விசு மூலையில் உட்கார்ந்து பாயையே பார்த்துக்கொண்டிருந்தான். பிள்ளையின் அந்த முகத்தைப் பார்க்க மாட்டாமல் உலகம்மாள் எழுந்து, எந்த ஊரிலும் பெண்கள் போய் ஒளிந்துகொள்ளும் இடத்துக்கு, அடுப்படிக்குப் போனாள்.

அங்கே கஸுயோ, கிமோனோக் கையை ஒரு கயிற்றால் தூக்கிக் கட்டிக்கொண்டு, வந்தவர்களுக்குக் கொடுத்த கோப்பைகளை மலையாகப் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தாள். உலகம்மாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அவள் கழுவ, இவள் துடைக்க, பேச்சே இல்லாமல் வேலை ஓடியது. கொடுக்க வைத்திருந்த பலகாரம் தீர்ந்துபோய்க் கஸுயோ திகைத்து நின்றபோது, உலகம்மாள் பையிலிருந்து முந்திரிக்கொத்து டப்பாவைத் திறந்து வைத்தாள். பெண் வீட்டுக்குச் சம்மதம் என்றால் கொடுக்க, இல்லை என்றால் அப்படியே திருப்பிக் கொண்டுபோக என்று எடுத்துவந்த டப்பா அது. கூட்டத்துக்கு முன்னால் அந்த யோசனையெல்லாம் எடுபடவில்லை. கஸுயோ ஒவ்வொரு உருண்டையையும் எல்லோருக்கும் வரும்படி பொடிப்பொடியாக நறுக்கி, காகிதத்தில் வைத்து, அழகு பார்த்து நகர்த்தினாள். உலகம்மாளுக்கு அந்தக் கை வேலை பிடித்திருந்தது.

கோப்பை எடுக்க வந்த சயோரியிடம் கஸுயோ தலை நிமிராமல் ஏதோ கேட்டாள். பெண் முகம் சிவந்தாள், சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினாள். கஸுயோ மறுபடி சொன்னாள். இந்த முறை குரல் உடைந்திருந்தது.

"அம்மா ஒண்ணு கேக்காங்க அத்தை" என்றாள் சயோரி. "உங்க ஊர்ல பொண்ணு மாசமா இருந்தா, பிள்ளை பெத்துக்க யார் வீட்டுக்குப் போவான்னு கேக்காங்க. தென்காசிக்குக் கூட்டிட்டுப் போயி, அனுப்பாம அங்கயே வச்சுக்கிடுவீங்களோன்னு ரொம்ப நாளா தூக்கமே இல்லயாம். அதனாலதான் அவங்களும் இன்னும் சரின்னு சொல்லல."

உலகம்மாள் துடைத்துக்கொண்டிருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். அந்தப் பக்கமும் ஒருத்தி சம்மதம் சொல்லாமல் இருக்கிறாள் என்பது அதுவரைக்கும் அவள் புத்தியில் ஏறவே இல்லை. தன் மகனை எடுத்துக்கொண்டுபோக நிற்கிறார்கள் என்று இவள் பயந்த அத்தனை நாளும், தன் மகளை எடுத்துக்கொண்டுபோக வருகிறார்கள் என்று அவள் பயந்திருக்கிறாள்.

"இதென்ன கேள்வி?" என்று உலகம்மாள் கிட்டத்தட்ட அதட்டினாள். "தலைப்பிரசவம் தாய் வீட்லதான். ஏழாம் மாசம் நான் கை நிறைய வளையல் போட்டு விடுவேன், அம்மைக்காரி வந்து கையோட கூட்டிட்டுப் போவணும். அனுப்ப மாட்டேன்னு ஒரு மாமியா சொன்னா எங்க தெருவே அவளைக் காறித் துப்பும். சொல்லு ஒங்க அம்மைட்ட. துப்புறதையும் சேத்துச் சொல்லு."

சயோரி சொன்னாள், துப்புவதையும் சேர்த்துச் சொன்னாள். கஸுயோ கத்தியைக் கீழே வைத்துவிட்டு, எங்கள் ஊரிலும் அப்படித்தான், பிள்ளைப்பேற்றுக்குப் பெண் தாய் வீட்டுக்குத்தான் வருவாள் என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். அழுகையோடு சிரித்தாள். நாளெல்லாம் சுருக்கம் விழாமல் இருந்த கிமோனோவில் அப்போதுதான் முதல் சுருக்கம் விழுந்தது.

"ஆனா ஒண்ணு" என்றாள் உலகம்மாள், துணியை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு. "பிள்ளை பொறந்த பொறவு நான்தான் வந்து கூட்டிட்டுப் போவேன். கொஞ்ச நாளாவது எங்க வீட்ல தவழணும்."

"வராம என்ன?" என்றாள் சயோரி, யாருக்கும் மொழிபெயர்க்காமல், தானாகவே. "உங்களை ஆச்சின்னுதான் கூப்பிடும் அத்தை. நான் சொல்லிக் குடுப்பேன். பின்ன எப்படிக் கூப்பிடும்?"

உலகம்மாள் முந்தானையை இடுப்பிலிருந்து எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டு தேநீர் அறைக்குள் குனிந்து நுழைந்தாள். கூட்டம் வழி விட்டது. மஞ்சள் தொப்பிகள் எழுந்து நின்றன. அவள் வைக்கோல் கயிற்றைத் தூக்கி உள்ளே போய், முறைப்படி மண்டியிட்டு உட்கார்ந்து, கையை நீட்டினாள். கிண்ணம் பழகின கன்றுக்குட்டி போல இறங்கி வந்து கைக்குள் அடங்கியது, தேநீர் கயிறு மேலேறிக் கிண்ணத்துக்குள் சுருண்டுகொண்டது. கஸுயோ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, விளிம்பை இன்னொரு முறை துடைத்துக்கொள்ள வெள்ளைக் காகிதம் நீட்டினாள். உலகம்மாள் வேண்டாம் என்று தலையாட்டினாள். கஸுயோ வாய் வைத்த அதே இடத்தைத் தேடித் திருப்பி, அறுபது வருஷத்தில் முதல்முறையாக, கிண்ணத்தை உதட்டில் வைத்துக் குடித்தாள்.

இன்னும் சூடாகவே இருந்தது. கசந்தது, நன்றாகவே கசந்தது, விழுங்கின பிறகு நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்த மாதிரி நாக்கடியில் இனித்தது. "நல்லாருக்கு" என்றாள். "எய்யா, நாங்க இந்த வீட்ல கை நனைச்சாச்சுன்னு சொல்லு."

விசு வாயைத் திறப்பதற்குள் சயோரி முந்திக்கொண்டு சொன்னாள். பூசாரி சாமி கும்பிடும் முறைப்படி இரண்டு தரம் கை தட்டினார், கூட்டம் முழுக்க இரண்டு தரம் கை தட்டியது, போனுக்குள்ளிருந்து தென்காசித் தெரு குலவை போட்டது, இங்கே உலகம்மாள் சேர்ந்து போட்டாள், டோஃபு கடைக்காரர் நாக்கைச் சுழற்றிப் பார்த்துவிட்டுத் தனக்கு வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். சந்து முனையில் நின்ற மான்கள் ஒன்றாகக் குனிந்தன.

உலகம்மாள் கிண்ணத்தைத் துடைக்காமலே குற்றாலிங்கத்திடம் நீட்டினாள். மத்தியானத்திலிருந்து தாகத்தோடு உட்கார்ந்திருந்த மனுஷன் அதை ஒரு நிமிஷம் பார்த்தார். "கல்யாணத்தன்னைக்குப் பால் பழம் கொடுத்தப்ப நீ கடிச்ச பழத்துல உன் எச்சிலைத் தின்னது. அப்புறம் இன்னைக்குத்தான்ளா" என்று சொல்லிவிட்டு ரசித்துக் குடித்தார்.

கயிற்றை யாரும் அவிழ்க்கவில்லை. தேநீர் போனாலும் இடம் இருக்கிறதே என்று பூசாரி சொன்னார், ஜனங்களும் அந்த வெறும் இடத்தை அதே மரியாதையோடு வணங்கிவிட்டுத் தங்கள் செருப்புகளைச் சிரமமில்லாமல் மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள்.

சாயங்கால ரயிலுக்கு எல்லோரும் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். ரயில் வருகிற திசையைக் கென்ஜி விரலால் சுட்டிக்காட்டிக்கொண்டு நின்றார். உலகம்மாள் தன் பாட்டிலைத் திறந்து, பழக்கம் போல அண்ணாந்து, உதடு படாமல், சொட்டுச் சிந்தாமல் தண்ணீர் குடித்தாள். கஸுயோ அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டிப் பாட்டிலைக் கேட்டாள். நாலு பேர் பார்க்கிற நடைமேடையில், தேநீர் முறையைச் சொல்லிக்கொடுக்கும் அந்த அம்மாள், பாட்டிலைத் தலைக்கு மேலே தூக்கி, வாயைப் பெரிதாகத் திறந்து, அப்படியே கவிழ்த்தாள்.

மூக்கில் விழுந்தது, மோவாயில் விழுந்தது, கழுத்து வழியாகக் கிமோனோவுக்குள் இறங்கியது, அவள் இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் விடாமல் ஊற்றினாள். "மெல்ல, சம்பந்தியம்மா, மெல்ல" என்று உலகம்மாள் முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள். ஒரு சொட்டுகூட அந்தரத்தில் நிற்கவில்லை.